ஸ்பானிஷில் நலம் விசாரிப்பவன்

பொறியியல் கல்லூரிகளில் மூன்று வகை ஜீவன்கள்தான் உண்டு என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். படிக்கிறவர்கள் ஒரு வகை. படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. இங்கே எதற்கு வந்து சேர்ந்தோம் என்று கடைசி வருஷம்வரை யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, அதற்குள் பட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டார்களே என்று திகைத்து நிற்கிறவர்கள் மூன்றாவது வகை. நான்காவதாக ஒன்று இருக்கிறது என்பதும், அது என் அக்கா வீட்டிலேயே மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு வளர்கிறது என்பதும் போன வருஷம்தான் தெரியவந்தது. ஸ்பானிஷ் கற்கும் பொறியியல் மாணவன் என்பது அந்த இனத்தின் பெயர். கடிக்காது. ஆனால் நலம் விசாரிக்கும்.

அவசரப்பட்டு என்னை மொழி விரோதி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நான் காப்பீட்டு முகவர். வாயால் பிழைப்பவன். ஒருவன் கூடுதலாக இன்னொரு மொழியில் வாய் திறக்கிறான் என்றால் முதலில் கைதட்டுகிறவன் நான்தான். என் புகார் வேறு. இந்த இனம் மொழியைக் கற்கும், கலாச்சாரத்தைக் கரைத்துக் குடிக்கும், தேர்வில் முதல் மார்க் வாங்கும். பேச மட்டும் பேசாது.

என் அக்கா மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவனுடைய நண்பர்கள் அவனை 'சென்யோர்' என்பார்கள். ஸ்பானிஷில் 'ஐயா' என்று அர்த்தமாம். மூன்றாம் வருஷத்தில் ஒரு விருப்பப் பாடத்தைக் கட்டாயமாக எடுக்க வேண்டும் என்று கல்லூரியில் சொன்னார்கள். விருப்பத்தைக் கட்டாயமாக்குவது அங்கே மட்டுமே நடக்கும் அதிசயம். பையன் ஸ்பானிஷ் எடுத்தான். ஏன் என்று கேட்டேன்.

"ரொம்ப டீசன்டான மொழி மாமா. எப்படி எழுதியிருக்கோ அப்படியே படிக்கலாம். ஏமாத்து வேலையே கிடையாது."

தண்ணீர் பம்ப் வாங்கி வந்தவன் கூட அதைப் பற்றி இப்படித்தான் பேசுவான். அன்றே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அடுத்த வாரமே அவன் அந்த மொழியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, வினைச்சொற்களை ஒரு பக்கமும் பெயர்ச்சொற்களை ஒரு பக்கமும் அடுக்கி, எது எதோடு பொருந்தும் என்று சுவர் நிறைய அட்டவணை போட்டு ஒட்டிவிட்டான். விதிக்கு அடங்காத வினைச்சொற்கள் எந்த மொழியிலும் இருக்குமல்லவா? அவை அவனுக்குத் தயாரிப்புக் குறைபாடாகத் தெரிந்தன. "இத்தனை நூறு வருஷமா இதை ஒருத்தரும் சரி பண்ணலையே மாமா!" என்று நிஜமாகவே வருத்தப்பட்டான். வீட்டில் உள்ள சாமான்கள் மீதெல்லாம் ஸ்பானிஷ் பெயர் எழுதிய சீட்டுகள் ஏறின. ஃபிரிட்ஜ், கண்ணாடி, மின்விசிறி, கதவு, கதவின் கைப்பிடி. அவன் தங்கை 'தங்கை' என்று ஸ்பானிஷில் எழுதிய சீட்டை முதுகில் சுமந்துகொண்டு ஒருநாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் திரிந்துவிட்டு வந்தாள். சீட்டில் இருந்தது கெட்ட வார்த்தை இல்லை என்று வகுப்பாசிரியையிடம் சொல்ல நான்தான் போக வேண்டியிருந்தது.

மொழியோடு விட்டானா? கலாச்சாரத்துக்கு வந்தான்.

இந்த இனத்துக்குக் கலாச்சாரம் என்பது ஒரு இயந்திரத்தோடு இலவசமாகக் கிடைக்கும் கையேடு. அதில் உள்ளபடி நடந்தால் ஆயிற்று. மதியத்தில் ஒரு குட்டித் தூக்கம் போடுவார்கள் என்று படித்தான். வெப்பவியல் வகுப்பில் போட்டான். எழுப்பிய பேராசிரியரிடம் "சியெஸ்டா சார்" என்றான். அங்கே எல்லோரும் நிதானமாகத்தான் வருவார்கள் என்று படித்தான்; அன்று முதல் எந்த இடத்துக்கும் அரை மணி நேரம் தாமதம். இதில் வேடிக்கை என்னவென்றால், அவனுடைய ஸ்பானிஷ் ஆசிரியை ஸ்பெயினிலிருந்தே வந்தவர். அசல் சரக்கு. மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பில் நிற்பார், மதியம் தூங்கமாட்டார். "என்னடா, உன் டீச்சர் கையேட்டுக்கு ஒத்து வரலையே?" என்றேன்.

"அவங்க ஒரு விதிவிலக்கு மாமா."

வாழ்நாளில் அவன் பார்த்த ஒரே ஸ்பானிஷ்காரர் அவர்தான். அவரும் விதிவிலக்கு.

சந்தித்தால் கன்னத்தோடு கன்னம் வைத்து, காற்றில் ஒரு முத்தச் சத்தம், பிறகு மறு கன்னம் என்பது அங்குள்ள வழக்கம். இதை அவன் யார் மீது பரிசோதித்திருப்பான் என்று நினைக்கிறீர்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது திடுதிப்பென்று முகத்துக்கு நேரே வந்தான். ஏதோ ரகசியம் சொல்ல வருகிறான் என்று நானும் அந்தப் பக்கமே காதைக் கொடுத்தேன். என் மூக்குக்கண்ணாடி தெறித்துப்போய் விழுந்தது. அதன் மேல் அவனே காலை வைத்தான். "தப்பு உங்க மேலதான் மாமா. நீங்க இந்தக் கன்னத்தைக் குடுத்திருக்கணும்" என்றான். புதுக் கண்ணாடி வரும்வரை நான் வாடிக்கையாளர்களைக் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டேன்.

போகட்டும், கண்ணாடிதானே. ஆனால் வீட்டுக்குள் அவன் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தபோது எனக்கு எரிச்சல் வந்தது, மறைப்பானேன். எந்நேரமும் காதில் இயர்போன். அதற்குள் ஒரு பெண்மணி "நூலகம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், இவன் வழி சொல்லிக்கொண்டே இருப்பான். பழகிப் பார்ப்பதற்காக எங்கோ தொலைதூர ஊரில் இருக்கும் ஒருவனைத் தொலைபேசியில் பிடித்துவைத்திருந்தான். "உன் அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?" என்று அவனிடம் அழகாகக் கேட்பான். பக்கத்து அறையில் என் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "சாப்பிட வாடா" என்பாள். பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவான். அப்படியென்றால் தட்டை இங்கேயே கொண்டுவா என்று பொருள்.

அவன் அப்பா, அதாவது என் மச்சான், பஸ் டிரைவர். அவர் ஓட்டும் வண்டியே கல்லூரி வழியாகத்தான் போகிறது. அப்பா ஓட்ட, மகன் உட்கார்ந்து போக, எவ்வளவு நல்ல காட்சி என்று கற்பனை செய்யாதீர்கள். மகன் பின்பக்கப் படியில் ஏறுவான், கடைசி இருக்கையில் உட்காருவான், கண்ணை மூடிக்கொண்டு நூலகத்துக்கு வழி சொல்லுவான். அதே வண்டியில் முன்னால் அந்த ஆசிரியை உட்கார்ந்துகொண்டு, கடையிலும் தெருவிலும் பொறுக்கிய தாறுமாறான தமிழில் கண்டக்டரிடமும் டிரைவரிடமும் ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டு போவார். அவர் பேச்சில் சரியான வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது. புரியாதவர்களும் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்பெயினில் ஒரு பருவம் படிக்கக் கல்லூரிக்கு ஒரே ஓர் இடம் வந்தது. ஆசிரியை யாரைச் சொல்கிறாரோ அவருக்கு. நம் சென்யோர்தான் எல்லாத் தேர்விலும் முதல். எனவே சந்தேகமே இல்லை என்று வீடு முடிவு செய்துவிட்டது. அக்கா ஒரு பெரிய பெட்டி வாங்கி நடுக்கூடத்தில் வைத்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் இடித்துக்கொண்டோம். மச்சான் டிப்போவில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. வாசலில் பால் போடுகிறவருக்குக்கூட ஸ்பெயினில் குளிர் எப்படி என்பது தெரிந்திருந்தது.

கடைசியாக ஒரு வாய்மொழித் தேர்வு. அதற்கு ஆசிரியை ஒரு வேலை கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து ஓடாமல், அங்கேயே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பது அவர்கள் ஊர் வழக்கம். சோப்ரெமேசா என்று அதற்குப் பெயர். அதை உங்கள் வீட்டில் ஒருநாள் நடத்திப் பாருங்கள், பிறகு வந்து என்ன பேசினீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான். சாப்பிடு, உட்கார், பேசு. இதைவிட எளிய பாடம் உண்டா?

இந்த இனத்துக்கு அதைவிடக் கடினமான பாடம் கிடையாது. ஆனால் அது அதற்குத் தெரியாதே! சென்யோர் அதை ஒரு திட்டப்பணியாக எடுத்துக்கொண்டான். இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணிமலையைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து அகற்றினான். அதன் அடியில் ஒரு மேஜை இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. யார் எங்கே உட்கார வேண்டும், யாருக்குப் பிறகு யார் பேச வேண்டும், இவர் இப்படிச் சொன்னால் அவர் எப்படிக் கேட்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டு வரைபடம் தயாரித்தான். சோப்ரெமேசாவில் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள் என்று எங்கோ படித்திருக்கிறான். மகிழ்ச்சியைக் குறைப்பவற்றை முதலிலேயே வடிகட்டிவிட்டால் மிஞ்சுவது மகிழ்ச்சிதானே? எப்பேர்ப்பட்ட மூளை! சுவரில் ஒரு அட்டை மாட்டினான். பச்சைப் பகுதியில் வானிலை, விளையாட்டு, பயணம், பிடித்த நிறம். சிவப்புப் பகுதியில் வேலை, பணம், மார்க், உடல்நலம். சிவப்பைத் தொடக் கூடாது.

விருந்தாளியாக என்னையும் கூப்பிட்டான். நான் போனபோது மச்சான் எங்கள் எல்லோருக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பளிச்சென்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். "எல்லாரும் ஒண்ணா உக்காந்து எவ்வளவு நாளாச்சு!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எதையோ சொல்லத்தான் இத்தனை ஜோடனை என்பது என் தொழில் கண்ணுக்குப் பட்டது.

சாப்பிட்டு முடித்தோம். அக்கா வழக்கம்போல் எழுந்தாள்.

"அம்மா, எழுந்திரிக்கக் கூடாது. உக்காருங்க."

"பாத்திரமெல்லாம் காஞ்சு போகும்டா."

"இதுதாம்மா அவங்க கலாச்சாரம்."

"அந்த ஊர்ல பாத்திரம் காயாதா?"

வரைபடத்தில் இந்தக் கேள்விக்கு அம்புக்குறி இல்லை. பையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வானிலைக்குப் போனான். வெயில் அதிகம் என்று நான் சொன்னேன். ஆமாம், அதிகம் என்றாள் அக்கா, கண்ணைத் தட்டின் மேல் வைத்தபடி. "அண்ணா, பாத்ரூம் போறது பச்சையா சிவப்பா?" என்றாள் தங்கை. அவளை முறைத்துவிட்டு, "அப்பா, இப்ப உங்க முறை" என்றான்.

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானே ஒண்ணு சொல்லணும்னுதான் இருந்தேன். டிப்போல போன வாரம்..."

"அப்பா, டிப்போ வேலை விஷயம். சிவப்பு."

"வேலைன்னு இல்லப்பா. டாக்டர் என்ன சொல்றார்னா..."

"உடம்பும் சிவப்புப்பா!"

மச்சான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அட்டையையே சற்று நேரம் பார்த்தார். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. மகன் வெளிநாட்டுப் படிப்புக்கு இது ஏதோ தேவை போலிருக்கிறது என்று முழு மனதோடு பணிந்து போனார். "சரிப்பா. அப்ப நான் என்ன சொல்லணும்?"

"உங்களுக்குப் பிடிச்ச கலர்."

"பச்சை."

"ஏன்?"

"ஏன்னா... பச்சை எரிஞ்சாத்தானே வண்டியைக் கிளப்ப முடியும்."

"சூப்பர்ப்பா! நல்ல பதில்!" என்று குறித்துக்கொண்டான் சென்யோர். அக்காவுக்கு என்னவோ உறுத்தியிருக்க வேண்டும். மச்சானின் முகத்தையே பார்த்தாள். அதற்குள் பையன் தொலைபேசியில் நேரம் குறித்து வைத்திருந்த மணி அடித்தது. சோப்ரெமேசா முடிந்தது என்று அறிவித்துவிட்டுப் பையன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கிளம்பும்போது வாசலில் மச்சானைப் பிடித்து, "என்னவோ சொல்ல வந்தீங்களே?" என்றேன். "ஒண்ணுமில்ல, அவன் பரீட்சை முடியட்டும்" என்று என் தோளைத் தட்டி அனுப்பிவிட்டார்.

பரீட்சை வந்தது. அங்கே நடந்ததைப் பையனும் சொன்னான். அடுத்த ஆளாகக் கதவருகில் காத்திருந்த வகுப்புத் தோழி, நண்பர்கள் வட்டத்தில் வாயாடி என்று பெயர் வாங்கியவள், கூடக் கொஞ்சம் சேர்த்துச் சொன்னாள். சென்யோர் ஒரு பிழையில்லாமல் முழங்கினானாம். மேஜையை எப்படிப் போட்டோம், யார் எங்கே அமர்ந்தோம், இந்த வழக்கத்தின் சமூகப் பயன் என்ன என்று ஸ்பானிஷில் அருவியாகக் கொட்டினானாம். ஆசிரியை முழுவதையும் கேட்டுவிட்டு ஸ்பானிஷிலேயே கேட்டார்.

"ரொம்ப நல்லது. உங்கள் அப்பா எப்படி இருக்கிறார்?"

முதல் பாடமல்லவா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வருமே. "மிகவும் நலமாக இருக்கிறார், நன்றி. உங்கள் தந்தை எப்படி இருக்கிறார்?"

"என் அப்பா இறந்துவிட்டார். போன பருவத்திலேயே வகுப்பில் சொன்னேன். அந்த வினைச்சொல் எந்த வகை என்று கேட்டு நீங்கள் எழுதிக்கொண்டீர்கள்."

ஆசிரியை மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு தன்னுடைய ஓட்டைத் தமிழுக்கு மாறினார். "உன் அப்பா கண்ணு, இப்ப நல்லா? கண்டக்டர் சொன்னார். அவர் பஸ்ல இல்ல. ரெண்டு வாரம் இல்ல. எனக்கு கஷ்டமா இருக்கு."

"எந்த பஸ்ல?" என்றானாம் இவன்.

கதவருகில் இருந்த வாயாடிக்கே பாவமாக இருந்ததாம்.

அன்று மாலை அவன் முதல்முறையாக முன்பக்கப் படியில் ஏறினான். இயர்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது யாரோ ஒரு தடித்த மனிதர். இரண்டு வாரமாக இந்த மனிதர் ஓட்டிய வண்டியில்தான் இவன் தினமும் போய் வந்திருக்கிறான். "அண்ணே, முன்னாடி இந்த வண்டியை ஓட்டினவரு..." என்று இழுத்தான்.

"அவரா? பாவம், கண் டெஸ்ட்ல ஃபெயில் பண்ணிட்டாங்க தம்பி. டிப்போல டேபிள் வேலை குடுத்திருக்காங்க. சும்மா உக்காந்திருக்காரு. ஆனா ஒண்ணு, அவர் பையன் ஸ்பெயினுக்குப் போறானாம்! எங்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்வாரு. நல்ல படிப்பாளிப் பையனாம்."

பையன் நிறுத்தம் வந்ததும் இறங்கி வீட்டுக்கு ஓடினான்.

நான் அப்போது அக்கா வீட்டில்தான் இருந்தேன். மச்சான் சீருடையை மாற்றாமல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பையன் வந்த வேகத்தில் நடுக்கூடத்துப் பெட்டியில் இடித்துக்கொண்டு, நொண்டியபடி அவர் முன்னால் போய் நின்றான். மூச்சு வாங்கியது. "அப்பா, உங்க கண்ணு எப்படி இருக்கு?"

மச்சான் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதைச் சொல்லலாமாப்பா? சிவப்பாச்சே?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் நாங்கள் சிரித்திருக்கலாம். அந்த மனிதர் நிஜமாகவே கேட்டார். அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "என்னங்க கண்ணுக்கு?" என்று அலறினாள். பையன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அன்று பாத்திரங்கள் நன்றாகக் காய்ந்தன. கண்ணில் புரை, அறுவை சிகிச்சை செய்தால் சரியாகிவிடும், பிறகு வண்டியைத் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. "தனித்தனியா சொல்ல மனசு வரல. எல்லாரும் உக்காரும்போது சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்றார் மச்சான். அந்த வீட்டில் எல்லோரும் எப்போது உட்கார்ந்தார்கள்?

ஸ்பெயின் இடம் வாயாடிக்குப் போயிற்று. அவளுடைய ஸ்பானிஷில் கால்வாசி கையும் கால்வாசி கண்ணும்தான். ஆனால் அவள் சித்தி சோப்ரெமேசாவில் உட்கார்ந்து பழைய சண்டையைக் கிளப்பி, அழுது, பிறகு அந்த அழுகைக்காகவே சிரித்த கதையை நடித்துக் காட்டி ஆசிரியையை அழவும் சிரிக்கவும் வைத்துவிட்டாளாம். அக்கா பெரிய மனசு பண்ணி அந்தப் பெட்டியை அவளுக்கே கொடுத்தனுப்பினாள். எங்கள் முழங்கால்கள் தப்பின.

சென்யோர் திருந்தினானா என்று கேட்கிறீர்களா? இந்த இனம் அவ்வளவு சுலபமாகத் திருந்திவிடுமா? ஆனால் வருந்தினான், அதில் சந்தேகமில்லை. நாலு நாள் யோசித்து ஒரு தீர்வும் கண்டுபிடித்தான். 'அப்பாவோடு பேசு' என்று தொலைபேசியில் தினசரி நினைவூட்டல் வைத்துவிட்டான். மணி அடித்தால் எங்கிருந்தாலும் வந்து நிற்கிறான். மச்சானுக்கு அது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னதாகவே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு ஸ்பானிஷில் ஒரு வார்த்தை தெரியாது, பொறியியல் கல்லூரிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை, நான் எப்படி இந்த இனமாவேன் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இந்த நோய்க்கு ஸ்பானிஷ்தான் வேண்டும் என்பதில்லை. பங்குச் சந்தை போதும், உடற்பயிற்சி போதும், நாட்டு நடப்பு போதும், இதுபோல் ஒரு கட்டுரைகூடப் போதும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரேயொரு கேள்வி கேட்கிறேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னார். நீங்களும் தலையைத் தூக்காமல் "ம்" என்றீர்கள். அவர் என்ன சொன்னார்?